மாமாவின் சட்டையிலும் இரண்டு பாக்கெட்

என் உடம்பில் ஏதோ கோளாறு என்று முதலில் கண்டுபிடித்தவர் பிரிக்பீல்ட்ஸில் கடை வைத்திருந்த ஒரு டெய்லர் பாய். கண்டுபிடித்ததை என்னிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏழெட்டு தீபாவளிகளாக என் சட்டையின் வலது பக்கமும் ஒரு பாக்கெட் வைத்து, இரண்டுக்கும் மூடி போட்டுத் தைத்து, “இப்ப இதுதான் ஃபேஷன் தம்பி” என்று கையில் கொடுத்துவிடுவார். நானும் நம்பினேன். ஃபேக்டரி ஸ்டோரில் கிளார்க் வேலை பார்ப்பவனுக்கு இரண்டு பாக்கெட் இருந்தால் நல்லதுதான்.

அந்தப் பாக்கெட்டுகளுக்குக் கீழே இருந்ததைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை. நாற்பது வயதை நெருங்கும்போது என் மார்பு, ஆண்பிள்ளைக்கு இருக்கவேண்டிய அளவைத் தாண்டிக்கொண்டிருந்தது. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் மேல் பழியைப் போட்டுக் காலையில் ஒரு பொட்டலத்தைக் குறைத்தேன். இடுப்பு இறங்கியது, மார்பு இறங்கவில்லை. குளித்துவிட்டு வரும்போது துண்டைச் சால்வை மாதிரிப் போர்த்திக்கொண்டு அறைக்குள் ஓடுவேன், ஏதோ பொன்னாடை வாங்கிய தலைவர் போல. என் மனைவி பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாள். பதினாறு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும்.

மற்றபடி வாயை மூடத் தெரியாதவன் நான். சனி ஞாயிறுகளில் கிள்ளான், பெட்டாலிங் ஜெயா பக்கம் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பேன். பந்தி போடும்வரை ஆட்களை நாற்காலியில் உட்காரவைப்பதுதான் வேலை. என் சரக்கில் ரொம்ப ஓடியது ‘மாமா நடை’.

அது என் சொந்தத் தாய்மாமனின் நடை. அம்மாவின் ஒரே தம்பி, காப்பாரில் தனியாக இருந்தார், லோரி ஓட்டியவர். முப்பது வயதிலேயே அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததாம். பெண் பார்க்கப் போன வீட்டில் அவர் கையிலிருந்த காப்பிக் கோப்பையும் சாசரும் கடகடவென்று அடித்துக்கொள்ள, பெண்ணின் அப்பா, “பகல்லயே இப்படியா?” என்று கேட்டாராம். அந்தக் கல்யாணம் மட்டுமல்ல, அடுத்து வந்த எதுவும் நடக்கவில்லை. பிறகு நடை தள்ளாடியது, பேச்சு கொழகொழத்தது. குடும்பம் கூடித் தீர்ப்பு சொல்லிவிட்டது: சம்சு. தோட்டப்புறங்களில் ஓடிய அந்த மலிவுச் சாராயத்தை அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. பார்க்காமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நான் மேடையில் அதைத்தான் செய்வேன். இரண்டு கையாலும் தொடையை அழுத்திக்கொண்டு படியேறி, முட்டி மடியாமல் ஆடி ஆடி வந்து, நடுங்கும் கையில் மைக்கை வாங்கி, மூக்கால் வணக்கம் சொல்வேன். மண்டபம் குலுங்கும். ஒருமுறை கிள்ளானில் மாமாவே பின்வரிசையில் இருந்தார். அவரும் சிரித்ததைப் பார்த்தேன். பந்தி போடும்போது தேடினேன், ஆளைக் காணோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை. ஃபேக்டரி பக்கத்துக் கடையில் தே தாரேக் கிளாஸைத் தூக்கினேன், பாதி என் சட்டையில். இரண்டு பாக்கெட்டும் தேநீர் குடித்தன. கூட வேலை பார்த்தவன் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

“காலையிலயே மாமா ஐட்டமா? நீ சரியான ஆளுப்பா.”

“ரிகர்சல் லா,” என்றேன்.

அதுதான் நான் சொன்ன முதல் பொய். அடுத்த சில மாதங்களில் அதே பொய்யைப் பல இடங்களில் சொன்னேன். சுங்கை வேயில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் மூன்றாம் மாடிக்குத் தொடையை அழுத்திக்கொண்டு ஏறியபோது எதிர்வீட்டு அக்காவிடம். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு ஸ்டோர் ஏணியில் பாதியில் நின்றபோது சூப்பர்வைசரிடம். ஊரையே நடித்து ஏமாற்றியவன் உண்மையிலேயே தள்ளாடினால் எவன் நம்புவான்?

கடைசியில் ஒரு கிளினிக் டாக்டர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் பேசாமல் நாக்கை வெளியே வைத்திருந்தது அப்போதுதான். “நாக்கு துடிக்குது” என்றார். அதுக்கு அதுதானே தொழில் என்று நான் சொன்னதற்கு அவர் சிரிக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதி ஒட்டிக் கொடுத்தார்.

ஒட்டிய கடிதத்தை பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன். மோட்டார் நியூரோன் நோயாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. நேராக நூலகத்துக்குப் போய் ஒரு தடித்த மருத்துவப் புத்தகத்தை எடுத்தேன். தசையை ஆட்டுவிக்கும் நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் சாகும். கை கால் போகும், பேச்சு போகும், பிறகு மூச்சு. பெரும்பாலானோருக்கு மூன்று வருஷம், அல்லது ஐந்து. புத்தகத்தை மூடித் திரும்ப அடுக்கில் வைக்கும்போது கை நடுங்கியது. அது நோயா பயமா என்று அன்றைக்கு என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்த இரண்டு வாரம் நான் அடித்த கூத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஸ்டோர் கிளார்க் சாகத் தயாராவது எப்படி என்று பாருங்கள். வீட்டிலுள்ள எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டினேன். ஃபியூஸ் பெட்டியில் ‘மேல் வரிசை சமையலறை’. தண்ணீர் வால்வில் ‘வலது பக்கம் திருகு, பலமாக வேண்டாம்’. மனைவியை நிற்கவைத்து அடுப்புக்கு கேஸ் தோம்பு மாற்றப் பழக்கினேன். அவள் என்னைவிட வேகமாக மாற்றினாள்.

“இத நான்தானே இத்தனை வருஷமா மாத்துறேன்,” என்றாள். “நீங்க எப்ப மாத்துனீங்க?”

கண்ணாடி முன்னால் நின்று, கடைசி வார்த்தையாக என்ன சொல்லலாம் என்று ஒத்திகையும் பார்த்தேன். மூன்று ஜோக் தேறியது. எதுவும் பிடிக்கவில்லை. மகள் அப்போது படிவம் இரண்டு, பதினாலு வயது. மூன்று வருஷம் கூட்டினால் படிவம் ஐந்து. பள்ளியின் கடைசிப் பரீட்சை எழுதும் வருஷம். அந்தக் கணக்குக்கு மட்டும் என்னிடம் ஜோக் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் தமிழ் பேசும் டாக்டரம்மா. என்னைவிடப் பத்து வயது சிறியவர். ரப்பர் சுத்தியலால் முட்டியில் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடி தட்டினார்.

“அந்தக் கடிதத்துல எழுதின நோய்னா கால் துள்ளும்,” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். “உங்களுக்கு அசையவே இல்லையே. சட்டையக் கழட்டுங்க.”

சட்டையைக் கழற்றினேன். உள்ளே தடித்த பனியன்.

“அதையும்.”

“உங்க ஏர்கோன் ரொம்ப குளிருது டாக்டர். ஏற்கெனவே சளி. நோய் கொல்றதுக்கு முன்னால நீங்க கொன்றுவீங்க போல.”

அவர் சிரித்துவிட்டார். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். முதுகுப் பக்கம் பனியனைத் தூக்கிப் பார்த்து, தோளைப் பிடித்துப் பார்த்து விட்டுவிட்டார். நான் ஜெயித்ததாக நினைத்தேன்.

“குடும்பத்துல யாருக்காச்சும் இந்த மாதிரி? கை நடுக்கம், நடை தள்ளாட்டம்?”

“யாருக்கும் இல்ல. ஒரு மாமா இருக்காரு, அது நரம்புக் கோளாறு இல்ல, சம்சுக் கோளாறு.”

அதையும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார். தசையில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனைக்குத் தீபாவளி கழித்து வரச்சொன்னார். பிழைப்பேனா மாட்டேனா என்று கேட்கப் போன இடத்தில், பதிலுக்கு வேண்டிய இரண்டு விஷயத்தையும் ஒளித்துவிட்டு, டாக்டரைச் சிரிக்கவைத்த பெருமையோடு பஸ் ஏறினேன். கெட்டிக்காரன்.

தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்க பாய் கடைக்குப் போனேன். “இந்தத் தடவ வெள்ளையில தைங்க பாய். எல்லாத்துக்கும் உதவும்,” என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னவோ, டேப்பை மார்பில் சுற்றினார். பிறகு மேல்கையில். மூக்குக் கண்ணாடியை இறக்கி டேப்பைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

“கை இன்னும் ஒரு இஞ்ச் இறங்கிருச்சு தம்பி. மாமாவுக்கும் இப்படித்தான்.”

“எந்த மாமாவுக்கு?”

“உங்க மாமாவுக்குத்தான். காப்பார்காரர்.”

பாயிடம் ஒரு நீள நோட்டு உண்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். வருஷா வருஷம் பழைய அளவுக்குக் கீழே புது அளவை எழுதுவார், பழையதை அடிக்கமாட்டார். எனக்குப் பத்து வயதில் தீபாவளித் துணி எடுத்துக் கொடுக்க அந்தக் கடைக்குக் கூட்டிப்போனவர் மாமாதான். தாய்மாமன் எடுத்துக் கொடுக்கவேண்டிய துணி. அதனால் அவர் பக்கத்திலேயே எனக்கும் இடம் ஒதுக்கியிருந்தார் பாய். இடது பாதி மாமா, வலது பாதி நான்.

நோட்டைத் திருப்பி வைத்தார். மாமாவின் முப்பத்தைந்து வயதிலிருந்து மார்பு முப்பத்தாறு, முப்பத்தெட்டு, நாற்பது. பக்கத்திலேயே மேல்கை பன்னிரண்டு, பதினொன்று, பத்து. கோடு தாண்டி வலது பக்கம் வந்தால் என்னுடையது. எண்கள் ஒன்றிரண்டு முன்னே பின்னே, போகிற பாதை ஒன்றே. மார்பு ஏறுகிறது, கை இறங்குகிறது. இரண்டு பக்கமும் ஓரத்தில் பாயின் பென்சில் குறிப்பு: ‘2 பாக், மூடி’.

“மாமாவுக்கும் ரெண்டு பாக்கெட்டா?”

“அவருக்குத்தான் முதல்ல வச்சேன். உங்களுக்கும் வேண்டியதாப் போச்சு.”

“ஏன் பாய் ஒரு வார்த்த சொல்லல?”

“டெய்லர் எதுக்குத் தம்பி சொல்லணும்? மறைச்சுக் குடுங்கன்னுதானே எங்கிட்ட வர்றாங்க.” நோட்டை மூடினார். “அவரு போன வாரம் வந்தாரு. குச்சி ஊனிக்கிட்டு, பஸ்ல, தனியா. அறுபத்தி மூணு வயசுல அந்தக் கையோட மனுசன் அசரல.”

கடை ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சம்சு ஒரு மனிதனின் நடையைக் கெடுக்கலாம். இரண்டு பேருக்கு ஒரே மாதிரி மார்பு வளர்க்குமா? அதுவும் நான் பாட்டில் பக்கமே போகாதவன். அப்படியென்றால் மாமாவுக்கு இருப்பதுதான் எனக்கு. மாமாவுக்கு அது வந்து முப்பது வருஷத்துக்கு மேல். மூன்று அல்ல, முப்பது. நூலகத்துப் புத்தகம் வேறு யாரைப் பற்றியோ பேசியிருக்கிறது.

“பாய், வெள்ளை வேணாம்,” என்றேன். “கட்டம் போட்டதுல தைங்க.”

மறுநாளே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காப்பாருக்குப் போனேன். செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் மாமாவின் பலகை வீடு. வாசலிலிருந்து சமையலறை வரை சுவரில் மீன்பிடிக் கயிறு கட்டியிருந்தது, பிடித்துக்கொண்டு நடக்க. நாற்காலியின் கால்களுக்குக் கீழே ஒவ்வொரு செங்கல், எழுந்திருக்கச் சுலபமாக. தே கிளாஸுக்குப் பதில் கைப்பிடி வைத்த பெரிய பிளாஸ்டிக் கோப்பை, பாதிக்கு மேல் ஊற்றாமல். முப்பது வருஷமாக யாரும் சொல்லித்தராமல், ஒவ்வொன்றாக அவரே கண்டுபிடித்து வைத்திருந்தார். நான் லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “மாமா, கொஞ்சம் சட்டையக் கழட்டுங்களேன்,” என்றேன்.

“ஏன், மாப்பிள்ள பார்க்க வந்தியா? முப்பது வருசம் லேட்டு.”

நான் என்னுடையதைக் கழற்றினேன். பனியனையும். மாமா என்னையே பார்த்தார். பிறகு நடுங்கும் விரல்களால் ஒவ்வொரு பொத்தானாக அவிழ்த்தார். நான் உதவப் போனபோது கையைத் தட்டிவிட்டார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி.

“உனக்குமாடா,” என்றார். குரல் இறங்கிவிட்டது.

“குடிச்சிருக்கீங்களா மாமா? எப்பவாச்சும்?”

“ஒரு தடவ. அதான் எல்லாரும் சொல்றாங்களே, அதையாவது உண்மையாக்குவோம்னு வாங்குனேன். ஒரு மொடக்கு. நாள் பூரா வாந்தி.”

மேடையில் நான் செய்ததை எப்படிச் சொல்வது? “மாமா, அந்த நடை ஐட்டம்...”

“பார்த்தேனே. படியேற இடது கால முதல்ல வச்ச. தப்பு. எனக்கு வலதுதான் பலம்.” கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி ஒரு வாய் குடித்தார். “மத்தபடி பரவால்ல.”

ஊசிச் சோதனை நாளன்று மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா வாயைத் திறக்குமுன் இரண்டு பேரும் மேலாடை இல்லாமல் நின்றோம். ஏர்கோன் உண்மையிலேயே குளிர்ந்தது. அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“இவரு உங்களுக்கு என்ன முறை?”

“அம்மாவோட தம்பி.”

“இத அன்னைக்கே காட்டியிருக்கலாம்ல?” என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாக எங்கள் குடும்பத்தை வரைந்தார். இது அம்மா வழியாக வருவது, பெண்களிடம் பெரும்பாலும் சத்தமில்லாமல் இருந்துவிட்டு ஆண்பிள்ளைகளில் தலைகாட்டுவது என்றார். இரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பி உறுதி செய்யவேண்டும், ஆனால் உங்கள் இரண்டு பேர் மார்பைப் பார்த்தபிறகு எனக்குச் சந்தேகம் அதிகமில்லை என்றார். மெதுவாகப் போகும் நோய். மருந்து கிடையாது. ஆளை அவசரமாகக் கொண்டுபோகாது.

“நரம்பு நோய்க்கும் மார்புக்கும் என்ன சம்பந்தம் டாக்டர்?”

“ஆண் ஹார்மோன் வந்தா அதப் பிடிச்சு வேலை வாங்குற ஒரு பொருள் செல்லுக்குள்ள இருக்கு. அதச் செய்யிற குறிப்புலதான் உங்களுக்குப் பிழை. அந்தக் குறிப்பு நரம்புல மட்டும் இல்ல, உடம்புல எல்லாச் செல்லுலயும் இருக்கு. நரம்புச் செல் தாங்க முடியாம சாகுது. மார்புல ஹார்மோன் சொல்றது சரியாக் கேக்கல, அது வளருது. சிலருக்குச் சர்க்கரை வருது. குழந்தை தங்குறது கஷ்டமாகுது.”

ஒரே பிள்ளையோடு நிறுத்திவிட்டாயா என்று பன்னிரண்டு வருஷமாகக் கேட்ட சொந்தங்களின் முகமெல்லாம் வரிசையாக வந்துபோனது.

“தசைக்குள்ளயும் அதே பிழை இருக்கு,” என்றார் அவர். “நரம்பு போனதால மட்டும் தசை மெலியுதா, தசையும் தானாவே கெடுதான்னு இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல. எல்லாரும் நரம்பத்தான் பார்த்துக்கிட்டு இருந்தோம்.”

எனக்கு ஸ்டோர் பாஷையில் புரிந்தது. கோளாறான ஒரு பெட்டி ஸ்க்ரூவை ஃபேக்டரியின் எல்லாப் பிரிவுக்கும் விநியோகித்தாகிவிட்டது. எந்தப் பிரிவு அதிகமாகக் கத்துகிறதோ அங்கே மட்டும் எல்லோரும் ஓடுகிறோம். மற்ற பிரிவுகள் சத்தம் போடாமல் பழுதாகிக்கொண்டிருக்கின்றன. அதைக் கவனித்து வருஷா வருஷம் எழுதிவைத்தவர் கையில் டேப் வைத்திருந்த ஒருவர்தான்.

அந்தத் தாளில் என் சதுரத்துக்குக் கீழே ஒரு வட்டம் இருந்தது. டாக்டரம்மா அதன் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். “மகளுக்கு இது கட்டாயம் போயிருக்கும். அவளுக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது. பின்னால அவளுக்கு ஆண்பிள்ளை பிறந்தா யோசிக்கணும். எப்பச் சொல்றதுன்னு நீங்க முடிவு பண்ணுங்க.”

சில மாதம் கழித்து வந்த இரத்தச் சோதனை முடிவும் அவர் சொன்னதையே சொன்னது. நான் மகளிடம் மூன்றாம் மாடிக்கு ஏறும் படியில் உட்கார்ந்து சொன்னேன். எப்படியும் நடுவில் ஓய்வெடுக்கவேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் இதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு மனிதர் முப்பது வருஷம் குடிகாரர் என்ற பேரோடு வாழ்ந்தார், உன் விஷயத்தில் அது நடக்காது என்றேன். அவள் நோயைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாள். ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்தது. மற்றதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள், டாக்டரிடம் அவளே கேட்பதாகச் சொன்னாள். பிறகு என் ஸ்டோர் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறினாள். நான் வலது காலை முதலில் வைத்து எழுந்தேன். மாமா சொன்னது சரி, அதுதான் பலம்.

லேபிள்களை எல்லாம் கிழித்துவிட்டேன். வால்வில் ஒட்டியது மட்டும் இருக்கட்டும் என்றாள் மனைவி. செங்கல் வாங்கி வந்து நாற்காலியை உயர்த்தினேன்.

அடுத்த வைகாசியில் கிள்ளானில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். மைக் என்னிடம். மாமாவை முன்வரிசையில் உட்காரவைத்திருந்தேன். மேடைக்கு ஐந்து படி. தொடையை அழுத்திக்கொண்டு ஏறினேன். மூன்றாவது படியிலேயே சிரிப்பு கிளம்பிவிட்டது. “மாமா நடை, மாமா நடை” என்று பின்னாலிருந்து யாரோ கை தட்டினார்கள். மேலே வந்து மூச்சு வாங்கினேன். மைக் நடுங்கியது. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.

“இது ஐட்டம் இல்லைங்க,” என்றேன். “இது என்னோட நடை. எங்க அம்மா வழியில வந்த சொத்து. எனக்கு முன்னால எங்க மாமாவுக்கு வந்துச்சு. அவரு வாழ்க்கையில குடிச்சது ஒரே ஒரு மொடக்கு, அதுவும் உங்க எல்லாரோட வற்புறுத்தலுக்காக. இத்தன வருசம் அத வச்சு நான் உங்கள சிரிக்க வச்சேன். அந்தத் தப்பு என்னோடது. சம்சுன்னு சொன்ன தப்ப நாம பங்கு போட்டுக்குவோம்.”

மண்டபத்தில் மேசை விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. என் தொழிலில் அதற்குமேல் ஒரு தோல்வி கிடையாது. முன்வரிசையிலிருந்து மாமாதான் குரல் கொடுத்தார், மூக்கால், எல்லோருக்கும் கேட்கும்படி.

“வலது கால முதல்ல வச்சான். இப்பத்தான் சரி.”

முதலில் சிரித்தது மணப்பெண்.

அன்றைக்கு மாமா பந்தி வரைக்கும் இருந்தார். சாப்பிட்டு முடித்ததும் காப்பி வந்தது, கோப்பையும் சாசருமாக. எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. இரண்டும் கடகடவென்று அடித்துக்கொண்டன. பக்கத்து மேசையில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். மாமா கோப்பையைக் கீழே வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.